புள்ளி காந்தன்

அத்தியாயம் 5

தஞ்சோங் கிளிங் கடலோரச் சாலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டின் வாசல் விளக்கு, காலை வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தது. ராகினி அழைப்பு மணியை அழுத்தினாள். உள்ளே மணி அடித்தது கேட்டது. ஆள் நடந்து வரும் சத்தம் மட்டும் வெகுநேரம் வரவில்லை.

"தூங்கிட்டாங்க போல," என்றார் திவாகர்.

"இல்லண்ணே. இந்த வீட்டுல மணி அடிச்சு ரொம்ப நாளாச்சு. நம்ம மணிதானான்னு யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க."

ராகினிக்கு நாற்பத்துச் சொச்சம் வயது. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தோண்டியெடுக்கும் வேலையில் இருந்தவள், அந்த வேலை போனதும் மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்துவிட்டாள். திவாகர் அவளுடைய உதவியாளர். அவளைவிடப் பத்து வயது பெரியவர். முன்பு விரைவுப் பேருந்து ஓட்டியவர். முதுகுவலி வந்து பேருந்தை நிறுத்தினாரே தவிர வாயை நிறுத்தவில்லை. அவர் அவளை பாஸ் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். வேலை முடிந்தபின் இருவரும் தனித்தனியே போய்ச் சேரும் வீடுகளில் பேச ஆள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

கதவைத் திறந்த ஜெயமணி அறுபதைத் தாண்டியவர். வீட்டுக்குள்தான் இருக்கப்போகிறார் என்றாலும் வெளியே புறப்பட்டவர்போல நல்ல சேலை கட்டியிருந்தார். கூடத்தில் இரண்டு நாற்காலிகளை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தார்; ஈரம் இன்னும் காயவில்லை.

அவர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். கணவர் மா. காந்தன் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. செலண்டார் பக்கத்தில் கிரேமோர் தோட்டம் என்று ஒன்று இருந்தது. அங்கே மின்சார வேலை பார்த்தவர் அவர். தோட்டம் கைமாறப்போகிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோதே, சனங்கள் சிதறிப்போனாலும் தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று இணையத்தில் தோட்டத்துக்காக ஒரு பக்கம் கட்டினார். பழைய படங்கள், கோயில் திருவிழா, யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் அதில் இருந்தன. கடைசியில் ஒரு விருந்தினர் பகுதி. வருகிறவர்கள் நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போகலாம். பத்து வருடமாக அதில் யாரும் எழுதியதில்லை. அவர் போன சில மாதங்களில் யாரோ எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜெயமணி தன் கைப்பேசியில் அந்தப் பகுதியைத் திறந்து நீட்டினார். தலையில் கொம்பும் தொப்பியும் வைத்த ஆங்கில எழுத்துகள், தலைகீழான கேள்விக்குறிகள், நடுநடுவே கால், முக்கால், மேலே ஒட்டிக்கொண்ட குட்டி இரண்டு. ஒரு வார்த்தை புரியவில்லை.

திவாகர் எட்டிப் பார்த்தார். "முக்கால், கால், ரெண்டு. நாலு நம்பர் லாட்டரி எடுக்க வசதியாத்தான் எழுதியிருக்கான்."

எடுத்துவிட்டார்கள் என்றார் ஜெயமணி. பழைய தோட்டத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் இதைப் பார்த்து, செத்தவர் பக்கத்தில் தானாக நம்பர் விழுகிறது என்று நினைத்து வாங்கிப் பார்த்தார்களாம். ஒன்றும் அடிக்கவில்லை. அதன்பிறகு அவர்களும் வருவதில்லை.

பிறகு அவர் உள்ளறைக்குக் கூட்டிப் போனார். மேசைமேல் கனத்த பழைய கணினி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் திரையில் அதே பக்கம். ஆனால் கொம்பும் தொப்பியும் போய், அந்த இடத்தில் தமிழ் இருந்தது.

ராகினிக்குக் காரணம் புரிந்தது. அந்தக் காலத்தில் இணையத்தில் தமிழுக்குப் பொதுவான வழி கிடையாது. ஆளாளுக்கு ஓர் எழுத்துரு செய்துகொண்டார்கள். ஆங்கில எழுத்துகளுக்கான எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்துவைப்பார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழ் தெரியும். இல்லாத இடத்தில் ஆங்கிலக் குப்பை தெரியும். காந்தனும் தானே ஒரு எழுத்துரு செய்து, டிஸ்க்கில் போட்டுத் தோட்டத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்திருந்தார். வேறு எங்கும் அது கிடைக்காது.

திரையில் இப்படி இருந்தது:

ஜெயமணி, ங்கே விடாத மழை. தனியாக ருப்பது கஷ்டம் என்று தெரியும். ருட்டியதும் வாசல் விளக்கைப் போட வேண்டும். வீட்டில் ஆள் ருப்பது வெளியே தெரிய வேண்டும்.
. காந்தன்

ராகினி இரண்டு முறை படித்தாள்.

"பேய் பிசாசுன்னு நம்புற ஆளு இல்ல நான்," என்றார் ஜெயமணி. "யாரோ அவரு பேருல விளையாடுறாங்க. யாருன்னு தெரியணும். நிறுத்தணும். அவ்வளவுதான்."

அதுபோல இன்னும் பல செய்திகள். ஒன்றில் மல்லிகைச் செடிக்குச் சாம்பல் போடச் சொல்லியிருந்தது. ஒன்றில் கோயில் கும்பாபிஷேகத்தன்று மழையில் பந்தல் விழுந்த கதை. எல்லாவற்றிலும் இ என்ற எழுத்து மட்டும் காணாமல் போயிருந்தது. இல்லை என்பது ல்லை, இனி என்பது னி. ஆனால் அதே திரையில் காந்தன் உயிரோடிருந்தபோது எழுதிய பக்கங்களில் இ ஒழுங்காகத் தெரிந்தது. ராகினி அதைக் கேட்டாள்.

ஜெயமணிக்கு அது தெரிந்திருந்தது. முதலில் செய்த டிஸ்க்கில் கணவர் ஒரு தவறு செய்துவிட்டாராம். இ என்ற எழுத்துக்கு அவர் கொடுத்த எண், பிரௌசர் கண்ணுக்குக் காட்டாமல் ஒளித்துவைக்கும் எண்ணாகப் போய்விட்டது. எழுதும்போது தெரியும், இணையத்தில் போட்டால் மறைந்துவிடும். லயத்தைக் காலி செய்து வந்த பிறகுதான் கண்டுபிடித்தார். உடனே இ-யை வேறு எண்ணுக்கு மாற்றி இரண்டாவது டிஸ்க் செய்து, முதல் டிஸ்க் வாங்கியவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தாராம்.

"அப்ப இத எழுதுற ஆளுக்கிட்ட முதல் டிஸ்க்தான் இருக்கு," என்றாள் ராகினி.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. பழைய கணினியில் ஒவ்வொரு செய்திக்கும் கீழே வரிசையாக வெற்றுக் கட்டங்கள் இருந்தன. கைப்பேசியில் அதே இடத்தைப் பார்த்தாள். அங்கே இன்றைய முறையில் அடித்த நல்ல தமிழ். 'யார் இது?' என்று ஒரு வரி. விளக்குச் செய்திக்குக் கீழே 'விளக்குப் போட்டாயிற்று' என்று ஒரு வரி. பெயர் இல்லை. கைப்பேசிக்குப் பழைய தமிழ் தெரியவில்லை, கணினிக்குப் புதிய தமிழ் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து தெரியும் திரை அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

இந்த வரிகளை எழுதியது யார் என்று ராகினி கேட்டாள். யாராவது வழிப்போக்கராக இருக்கும் என்று சொல்லிவிட்டு, ஜெயமணி தண்ணீர் கொண்டுவரப் போனார்.

ராகினி பழைய திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். முதல் டிஸ்க் யாருக்கெல்லாம் போனது என்று தெரிந்தவர் யார் என்று கேட்டதற்கு, மாயாண்டியைப் பாருங்கள் என்றார் ஜெயமணி. தோட்டத்து ஆட்களின் தலை எல்லாம் இன்னும் அவரிடம்தான் போகிறதாம்.

செலண்டார் போகும் வழியெல்லாம் ரப்பரும் எண்ணெய் எடுக்கும் செம்பனையும் மாறி மாறி வந்தன. திவாகர் வழக்கம்போல ஓட்டிக்கொண்டே பேசினார். அவருடைய கணிப்பில் இது உறவுக்காரப் பையன் எவனோ செய்கிற வேலை. மல்லிகைக்குச் சாம்பல் போடச் சொல்கிற பேயை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

"அண்ணே, கடைசிச் செய்தி எப்ப வந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"போன மாசம்."

"அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. நின்னு போனத நிறுத்தச் சொல்லி எதுக்கு நம்மளக் கூப்பிட்டாங்க?"

திவாகர் யோசித்தார். ராகினியே சொன்னாள். வெயில் அடிக்கிற நேரத்தில் அந்த வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. இரவு போட்டு, அணைக்க மனமில்லாமல் விட்டது. 'விளக்குப் போட்டாயிற்று' என்று எழுதிய வழிப்போக்கர் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார்.

"அப்ப அந்தம்மா பேயோட பேசிக்கிட்டு இருந்திருக்காங்க."

"பேய் இல்லன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். யாருன்னுதான் தெரியல. இப்ப அந்த ஆளு திடீர்னு நின்னுட்டாரு. அதுதான் அவங்களுக்குப் பயம்."

திவாகர் வேகத்தைக் குறைத்தார். அவரிடம் அது அபூர்வம். பிறகு, புருஷனே எழுதுவதாக நினைக்க அந்தம்மாவுக்கு ஒரு கணம்கூடத் தோன்றியிருக்காதா என்று கேட்டார்.

"எழுதினவரு ஒரு இடத்துலகூட நீன்னு எழுதல. நீங்கன்னும் எழுதல. போட வேண்டும், தெரிய வேண்டும், இப்படியே நழுவிக்கிட்டுப் போறாரு. பொண்டாட்டிய நீன்னு சொல்ல புருஷனுக்கு என்ன கூச்சம்? நீன்னு சொல்ல உரிமை இல்லாத, நீங்கன்னு சொல்ல மனசு வராத ஒரு ஆளு, அண்ணே."

மாயாண்டியின் முடிவெட்டும் கடை செலண்டார் கடைவரிசையின் ஓரத்தில் இருந்தது. ஒரே நாற்காலி, ஒரே கண்ணாடி, அதில் உட்கார ஆள் இல்லை. எழுபதை நெருங்கிய மாயாண்டி, உள்ளே வந்த திவாகரின் வழுக்கையை வருத்தத்தோடு பார்த்தார். வேலை கொடுக்காத தலை என்றாலும் உட்காரலாம் என்றார். திவாகர் உட்கார்ந்து, பின்பக்கம் மிச்சம் இருப்பதை ஒழுங்குபடுத்தச் சொன்னார். பேச்சுக் கொடுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

டிஸ்க் கதை மாயாண்டிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காந்தன் இந்தக் கடையில்தான் இரண்டாவது டிஸ்க்குகளை அடுக்கிவைத்துக் கொடுத்தாராம். முதல் டிஸ்க் வாங்கியவர்கள் எல்லோரும் மாற்றிக்கொள்ள வந்தார்கள். அதில் பாதிப் பேர் இப்போது இல்லை. மிச்சப்பேர் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் இருக்கிறார்கள்.

"வராத ஆளு யாரும் உண்டாண்ணே?" என்று கேட்டாள் ராகினி.

"ஒருத்தன் வரல. சின்னா. அவன் எப்படி வருவான்லா, ரெண்டு பேருக்கும்தான் பேச்சு நின்னுபோச்சே."

சின்னாவும் காந்தனும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்றார் மாயாண்டி. தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னபோது யாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போடக் கூடாது, எல்லோரும் சேர்ந்து நிற்போம் என்று முடிவு. முதலில் போட்டது காந்தன். ஜெயமணிக்கு உடம்பு சரியில்லாத நேரம் அது. மழைக்காலத்தில் அவரை ஒழுகுகிற வீட்டில் வைத்திருக்க காந்தனுக்குத் துணிவில்லை. சின்னா கடைசியாக வெளியேறினான். அதோடு இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. காந்தன் சாவுக்கும் சின்னா வரவில்லை. செய்தியே அவனுக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது.

ஆள் பொருந்தியது. பெயர்தான் பொருந்தவில்லை. சின்னா எதற்காகச் செத்துப்போன நண்பனின் பெயரைப் போட்டு எழுத வேண்டும்? அவ்வளவு அக்கறையாக எழுதுகிறவன், படிக்கிறவரைப் பயமுறுத்துகிற அந்தக் கடைசி வார்த்தையை எப்படி எழுதினான்? ராகினி கைப்பேசியில் இருந்த படத்தை மாயாண்டியிடம் காட்டினாள். அவர் கத்தரிக்கோலைத் திவாகரின் தோளில் வைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பேருக்கு முன்னாடி என்னாம்மா அது, ஈ உக்காந்துட்டுப் போன மாதிரி?"

ராகினி விரலால் திரையைத் துடைத்தாள். புள்ளி போகவில்லை. படம் எடுத்ததிலிருந்து அவள் பலமுறை பார்த்த புள்ளி. தட்டச்சில் கை தவறி விழுந்தது என்று நினைத்திருந்தாள். மற்ற செய்திகளின் படங்களைப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் அதே இடத்தில் அதே புள்ளி. எல்லா நாளும் ஒரே இடத்தில் கை தவறாது. புள்ளிக்கு முன்னால் ஏதோ இருந்திருக்கிறது. இந்த எழுத்துருவில் மறையும் எழுத்து ஒன்றே ஒன்றுதான்.

"ஈ இல்லண்ணே," என்றாள். "இ."

மாயாண்டி விழித்தார். சின்னாவின் அப்பா பெயர் என்ன என்று ராகினி கேட்டாள்.

"இருளாண்டி."

"சின்னாவுக்குப் பள்ளிக்கூடத்துல என்ன பேரு?"

அரை நூற்றாண்டாக யாரும் கூப்பிடாத ஒரு பெயரைத் தேடிக் கொண்டுவர மாயாண்டிக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"காந்தன். ஒரே வகுப்புல ரெண்டு காந்தன். உசரமா இருந்தவன் காந்தனாயிட்டான், குட்டையா இருந்தவன் சின்னாவாயிட்டான். வாத்தியாரு மட்டுந்தான் மா. காந்தன், இ. காந்தன்னு கூப்பிடுவாரு."

திவாகர் கண்ணாடியில் ராகினியைப் பார்த்தார். குழப்பம் வரக் கூடாது, செத்தவர் எழுதியதாக அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது என்றுதான் அந்த மனிதர் ஒவ்வொரு முறையும் தன் அப்பாவின் எழுத்தை முன்னால் போட்டு முழுப்பெயரையும் எழுதியிருக்கிறார். பிரௌசர் அந்த ஓர் எழுத்தை மட்டும் விழுங்கிவிட்டு, மிச்சத்தைக் கொண்டுபோய் ஜெயமணியிடம் காட்டியிருக்கிறது.

"போன் பண்ணி நான் சின்னா பேசுறேன்னு சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே," என்றார் திவாகர்.

"அவனுக்கு ஏதுப்பா பேச்சு," என்றார் மாயாண்டி. "தொண்டையில ஆபரேஷன். குரல எடுத்துட்டாங்க. பெம்பான்ல செம்பனை நாத்துப் பண்ணையில காவல் வேலை, அங்கேயே ஒரு வீடு. மாசா மாசம் முடி வெட்ட வருவான். இந்த மாசம் வரல."

கடைசி வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் அதன் கனம் அவருக்கே உறைத்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். திவாகர் பாதி வெட்டிய தலையோடு எழுந்துவிட்டார்.

காரில் ஏறியதும் ராகினி ஜெயமணியைக் கூப்பிட்டுப் பெயரைச் சொன்னாள்.

"சின்னாவா," என்றார் ஜெயமணி. "எங்க கல்யாணத்துக்கு மாலை வாங்கிட்டு வந்தது அவருதான். வீட்டுக்கு வந்தா என்னை நிமிந்து பாக்க மாட்டாரு."

யார் என்று தெரிந்துவிட்டது, இனி நிறுத்தச் சொல்லட்டுமா என்று ராகினி கேட்டாள். வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"வேணாம்மா." குரல் இறங்கியது. "என் வீட்டுக்காரரு இல்லன்னு முதல் நாளே எனக்குத் தெரியும். அவரு நல்ல மனுஷன். ஆனா உயிரோட இருந்தப்ப என்கிட்ட அவ்வளவு பேசினதில்ல. நான் வாடகைக் கார் எடுத்துக்கிட்டு வர்றேன். எங்கன்னு சொல்லு."

பெம்பான் டவுனைத் தாண்டி, மண்சாலையில் திரும்பியதும் கார் குலுங்க ஆரம்பித்தது. பலகை வீடு நாற்றுப் பைகளின் வரிசைகளுக்கு அப்பால் தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. வாசலில் காய்ந்த இலை கூட்டப்படாமல் கிடந்தது. திவாகர் கதவைத் தட்டினார். உள்ளே சத்தம் இல்லை. மறுபடி தட்டினார். கதவில் கை வைத்து நின்ற அவருடைய முகத்தில் சிரிப்பு சுத்தமாக வடிந்துவிட்டதை ராகினி பார்த்தாள்.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

குட்டையான மனிதர். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி கட்டியிருந்தார். காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்போலக் கன்னம் ஒட்டி, முடி காதுவரை வளர்ந்திருந்தது. வேற்று ஆட்களைப் பார்த்ததும் அவருடைய கை கழுத்துத் துணிக்குப் போனது. ராகினி தான் யார் என்றும், ஜெயமணி அனுப்பி வந்திருப்பதாகவும் சொன்னாள். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தவறு செய்து பிடிபட்டவர்போல நின்றுவிட்டு, வழிவிட்டார்.

உள்ளே கட்டில், அடுப்பு, ஒரு மேசை. மேசைமேல் துணி போட்டு மூடிய பழைய கணினி. ராகினி அனுமதி கேட்டுத் துணியை எடுத்தாள். அவர் அதை உயிர்ப்பித்து, இணையத்தில் தோட்டத்துப் பக்கத்தைத் திறந்து காட்டினார். அவர் எழுதியவை எல்லாம், இங்கேயும் இ மட்டும் இல்லாமல், தமிழாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் கீழும் வரிசையாக வெற்றுக் கட்டங்கள்.

ஏன் எழுதுவதை நிறுத்தினீர்கள் என்று ராகினி கேட்டாள். அவர் தட்டச்சு நிரலைத் திறந்து, இரண்டு விரலால் மெதுவாக அடித்தார். பிரௌசருக்கு வெளியே என்பதால் அதில் எல்லா எழுத்தும் தெரிந்தன.

'இ விழாமல் போவது என் கணினியில் மட்டும்தான் என்று நினைத்தேன். ஆனால் நான் எழுத எழுத அடியில் கட்டம் விழுகிறது. முதலில் ஒன்றிரண்டு. பிறகு எல்லாவற்றின் கீழேயும். என் கணினியில் ஏதோ கோளாறு. காந்தன் கட்டிய பக்கம் என்னால் கெட்டுப்போகிறது என்று நிறுத்திவிட்டேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.'

திவாகர் அதைப் படித்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். ராகினி ஒன்றும் விளக்கவில்லை. விளக்க வேண்டியவர் வந்துகொண்டிருந்தார்.

வாடகைக் கார் மண்சாலையின் முனையிலேயே நின்றுவிட்டது. ஜெயமணி நாற்றுகளுக்கு நடுவே குடை பிடித்து நடந்து வந்தார். வாசற்படியில் கொஞ்சம் தயங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்தில் கடைசியாகப் பார்த்தபோது இருவருக்கும் நரை கிடையாது. சின்னா நாற்காலியை ஜெயமணிக்குத் தள்ளி வைத்தார். அது ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்த நாற்காலி.

ராகினி திரையில் இருந்த கட்டங்களைச் சுட்டிக்காட்டி, சின்னா எழுதுவதை நிறுத்திய காரணத்தைச் சொன்னாள். ஜெயமணி திரையை உற்றுப் பார்த்தார். தன் வீட்டுக் கணினியில் போலவே இங்கேயும் தான் எழுதியது கட்டங்களாகத்தான் வந்து சேர்ந்தது என்பதை அப்போதுதான் கண்டார். வாயைச் சேலை நுனியால் பொத்திக்கொண்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, அதே பக்கத்தைத் திறந்தார்.

"இது கோளாறு இல்ல," என்றார். "நான் எழுதினது."

கட்டங்களின் முதல் வரிசையில் விரல் வைத்து, கைப்பேசியைப் பார்த்துப் படித்தார். 'யார் இது?' அடுத்த வரிசை. 'விளக்குப் போட்டாயிற்று.' அதற்கு அடுத்தது. 'மல்லிகை பூத்துவிட்டது. பறித்து வைக்க அவர் படம்தான் இருக்கிறது, ஆள் இல்லை.' பந்தல் விழுந்த கதைக்குக் கீழே, 'இதைப் படித்துச் சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எனக்கே பயமாகிவிட்டது.' ஒவ்வொரு வரியாக, அவசரப்படாமல் படித்தார். அந்த மனிதர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் தன் பிழை என்று நினைத்துத் துணி போட்டு மூடிவைத்திருந்தவை.

கடைசிச் செய்தியின் கீழே மட்டும் மூன்று வரிசைக் கட்டங்கள் இருந்தன. அங்கே வந்ததும் ஜெயமணியின் குரல் நின்றது. ராகினி திவாகரின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். பலகைச் சுவர் மெல்லியதாக இருந்தது, அவர்களுக்கும் கேட்டது.

"ஏன் எழுதல? உடம்பு சரியில்லையா? யாரா இருந்தாலும் பரவாயில்ல, நிறுத்திடாதீங்க."

ராகினியும் திவாகரும் காரில் ஏறி உட்கார்ந்தார்கள். திவாகர் சாவியைத் திருகவில்லை. பாதி வெட்டிய தலையைக் கண்ணாடியில் பார்த்தார். கிளம்பலாமா என்று கேட்டார். அந்தம்மா வந்த கார் போய்விட்டது, காத்திருந்து கூட்டிப் போகலாம் என்றாள் ராகினி. அவசரமாகப் போய்ச் சேர வேண்டிய இடம் இருவருக்கும் இல்லை.

வெயில் செம்பனைகளின் பின்னால் இறங்கியது. வீட்டுக்குள் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது, அடுப்புப் பற்றவைக்கும் வாசனை வந்தது. பிறகு பேச்சு. ஒரே ஒரு குரல்தான். ஜெயமணி பேசிக்கொண்டே இருந்தார். ஒன்று கேட்பார், நிறுத்துவார், ஒரு ஆள் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருப்பார். பிறகு, "ம்," என்று சொல்லிவிட்டு, மறுபடி பேச ஆரம்பிப்பார்.